ஒரு கையால் திறக்கும் கதவு

அன்னப்பூரணி ஐந்து வருடமாகக் கோழி வளர்க்கவில்லை. கோழிக்கறி ஆக்கிய வீட்டில் கை நனைக்கவும் மாட்டாள். ஏனென்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

சுனாமியாய்க் கடல் வந்த காலத்தில் அவர்கள் வீடு கல்முனை வீதிக்குக் கிழக்கே, கரையோரத்தில் இருந்தது. கீரிக்குப் பயந்து, அவள் புருசன் வினாயகமூர்த்தி கோழிக்கூட்டுக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவைப்பான். அந்த மார்கழி ஞாயிறு காலையில் அவன் வாவிக்கு வலை எடுக்கப் போயிருந்தான். மூத்தவன் சுதாகரன் டவுனில் நின்றான். முந்தின நாள் மருந்து கொடுத்திருந்ததால் கோழிகளை அன்று வெளியே விடவில்லை.

கடல் எழும்பி வருகிறதென்று சனம் கத்திக்கொண்டு ஓடியது. அன்னப்பூரணி மகள் மேனுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீதிப் பக்கம் ஓடினாள். வேலியைத் தாண்டும்போது பிள்ளை கையை உருவிக்கொண்டது.

"கோழி அடைச்சிக் கிடக்கும்மா. திறந்து உட்டுட்டு வாறன்."

திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் கறுப்பாய்த் தண்ணீர்.

மேனுகாவை மறுநாள் வாவிக்கரைச் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. ஆனால் முற்றத்துப் புளியமரத்தில் கோழிகள் இருந்தன, அத்தனையும் உயிரோடு. முறுக்கிய கம்பியை அந்தச் சின்ன விரல்கள் அவிழ்த்திருக்கின்றன. அவிழ்க்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்ற கேள்வி அன்றைக்கு அன்னப்பூரணியின் மண்டைக்குள் புகுந்தது. பிறகு அது வெளியேறவேயில்லை. அந்தக் கோழிகளை யார் பிடித்துப் போனார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

வீதிக்கு மேற்கே, வாவிப் பக்கமாக, புது வீடு கிடைத்தது. அதில் குடியேறிக் கொஞ்ச நாளில் சண்டை மறுபடி மூண்டது. சுதாகரன் இயக்கத்துக்காரரால் வன்னிக்குக் கொண்டுபோகப்பட்டான். இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லாம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்தியபோது, மகனும் முடிந்துபோனான் என்றே அவள் நினைத்தாள். மாதங்கள் கழித்துத்தான், சரணடைந்தவர்களை வைத்திருக்கும் முகாமொன்றில் அவன் இருப்பதாகச் செய்தி வந்தது. பஸ் மாறி மாறிப் போய், முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்று பார்த்தார்கள். கன்னம் ஒட்டி, வேறு யாரோ போல நின்றான். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான். புறப்படும்போதுதான் வாய் திறந்தான்.

"வீட்டு முட்டை பொரிச்சிச் சாப்பிட ஆசையா இருக்கும்மா."

வந்த கிழமையே அவள் கூடு கட்டத் தொடங்கினாள்.

காத்தான்குடியிலிருந்து பழைய இரும்பு வாங்கவரும் பக்கீருக்கு, அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடுபவருக்கு, இரும்பு ஒட்டும் வேலையும் தெரியும். அவள் மெல்லிய கோழிவலை போதும் என்றிருந்தாள். அவர்தான் மறித்தார். அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, கீரியையும் மரநாயையும் வெளியே வைத்திருக்காது, ஒரே கடியில் பிய்த்துவிடும் என்றார். விரல் நுழையாத கண்ணுள்ள தடித்த கம்பிவலை கொண்டுவந்தார். வாவி பெருகினால் நனையாதபடி முதிரைக் கட்டைகளின் மேல் முழங்கால் உயரத்தில் கூடு எழுந்தது. தகரக் கூரை, உமி பரப்பிய பலகைத் தளம், பொழுதுபட ஏறிக் குந்தக் குறுக்குக் கம்பு. கூட்டுக்கு முன்னால் பகலில் மேய ஒரு சிறு முற்றம். பருந்துக்காக அதன் தலைக்கும் வலை. முற்றத்தைச் சுற்றி வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றும் பக்கீர் சொன்னார். வலை போதவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள்.

கூட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் வைக்கப் போனபோது அன்னப்பூரணி அவர் கையைத் தடுத்தாள்.

"பூட்டு வேணாம் காக்கா. ஒரு சின்னப்புள்ள ஒரு கையால, ஒரே இழுவையில திறக்கோணும்."

"அப்ப மரநாயும் திறந்திருமே தங்கச்சி."

பக்கீர் அவள் முகத்தைப் பார்த்தார். அதே தண்ணீரில் அவர் தன் உம்மாவைக் கொடுத்தவர். மேலே எதுவும் கேளாமல் இரும்பை வளைக்கத் தொடங்கினார். கொஞ்சம் தூக்கி இழுத்தால் மட்டும் விடுபடுகிற கொளுக்கி ஒன்றைச் செய்து தந்தார். மனிசக் கைக்குத்தான் அது திறக்கும்.

குஞ்சுகள் வந்தன. அவற்றின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். ஈர உமியை அள்ளிச் சாம்பல் தூவினாள். உப்புக் காற்றில் கொளுக்கி இறுகாதிருக்கத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

அந்த மாரியில் ஒரு விடியல், கதவு திறந்து கிடந்தது. கோழிகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. தான்தான் சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்தாள். சில நாள் கழித்து மறுபடியும் அப்படி. காற்றாக இருக்கும் என்றான் வினாயகமூர்த்தி. தூக்கி இழுக்கிற காற்று எங்கே இருக்கிறது? மூன்றாம் முறை, அவள் கொளுக்கியைத் தொட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"தண்ணி வரல்ல புள்ள. கோழி உள்ள இருக்கட்டும்."

வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து அவள் காலில் பட்டது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், அடுப்பு மூட்டாமல் நெடுநேரம் இருந்தாள்.

அடுத்த வருடம் சுதாகரனை விட்டார்கள். அவன் முட்டைப் பொரியலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். கூடு நிற்கும் வளவின் பின்பக்கம் போகவே மாட்டான். அந்தக் கம்பியைப் பார்க்க ஏலாதென்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட அன்னப்பூரணி பழைய சாக்குகளைக் கிழித்து, வீட்டைப் பார்த்த பக்கத்து வலையை மூடிக் கட்டினாள்.

அதுவே வினையாகிப் போனது. சாக்கு மறைவில் கீரி தோண்டிய குழி யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பின்னேரம் கோழிகளின் கத்தல் கேட்டு அவள் ஓடிப்போனபோது, முற்றம் முழுக்க இறகும் இரத்தமுமாய்க் கிடந்தது. முட்டையிடும் பேடுகளில் பாதி போய்விட்டது. அவள் அழவில்லை. செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

சுதாகரன் வந்து நின்றான். சாக்கைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்து முற்றத்தைச் சுற்றி வெட்டத் தொடங்கினான்.

அவன் வெட்டிய விதத்தை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர் நேராக இறங்கியது. மண் முழுவதும் ஒரே பக்கம் விழுந்தது. மூலையில் வெட்டிய காண் பதுங்குகுழிபோல் வளைந்து திரும்பியது. வீட்டை விட்டுப் போனபோது அவனுக்கு மண்வெட்டியை ஒழுங்காகப் பிடிக்கவும் தெரியாது. ஒரு முழம் போதும் என்று அவள் சொன்னதும் அவன் காதில் ஏறவில்லை. இடுப்பளவு ஆழம் வந்ததும் நிறுத்தி, அதற்குள்ளேயே குந்தினான்.

"இப்பிடித்தான் வெட்டுவம். மறுகா அதுக்குள்ளயே ஆக்கள வைச்சி மூடுவம்," என்றான். "கடைசியில வெட்டவும் நேரமில்ல."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி அவன் பக்கத்தில் இருந்தாள். மண் ஈரமாய் இருந்தது. தங்கச்சி மேனுகா கையை உருவிக்கொண்டு ஓடியதை அவனுக்கு அவள் தன் வாயால் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்த பிறகு வினாயகமூர்த்தி வந்து, இருவரையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

மறுநாள் பக்கீர் வலை கொண்டுவந்தார். குழியைப் பாதிக்கு மேல் தூர்த்து, வலையை உள்ளே இறக்கி, மண் போட்டு மிதித்தார்கள். சாக்குகளைச் சுதாகரனே கழற்றினான்.

பின்னர் அவன் பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டும் வேலைக்குப் போனான். அத்திவாரம் வெட்ட மாட்டேன், சுவர் மட்டும் கட்டுவேன் என்று மேசனிடம் சொல்லித்தான் சேர்ந்தானாம். விடுமுறைக்கு வந்தால் வாவிக்கரையில் தகப்பனோடு இருந்து வலைக் கிழிசல் பொத்துவான். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டான்.

கடற்பக்கத்து வலைதான் முதலில் துருப்பிடிக்கும். வருடத்துக்கொரு தரம் அன்னப்பூரணி அதைக் கழற்றிப் புதிதாகக் கட்டுவாள். உள்ளே நின்று கட்டினால் வேலை லேசு. வெளியே நின்று கட்டினால் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும். அவள் உள்ளே கோழிகளுக்கு நடுவில் குந்தி, கிழக்கைப் பார்த்தபடியே ஒவ்வொரு கண்ணாக முடிச்சிடுவாள்.