அக்கா பெட்டை என்று சொன்ன சிலந்தி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு இருந்தது ஒரேயொரு மேல்மாடி அறை. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி கடகடக்கும். அந்த அறையில் நானும் அக்காவும் ஒரு டரான்டுலாச் சிலந்தியும் குடியிருந்தோம். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர். அக்கா விலங்கியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்தாள். யாரோ பலகை விற்கிற மரக்காலையில் பிடித்துக் கொடுத்த சிலந்தியைக் கொல்ல மனமில்லாமல், பழைய மீன்தொட்டிக்குள் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்கு முதலில் அருவருப்புத்தான். பிறகு பார்த்தால், கரப்பான் பிடித்துப் போடுகிற வேலை முழுக்க என் தலையில். வீடு சோதிக்க வந்த ஆமிக்காரர்கள் கட்டிலுக்குக் கீழே, அரிசி வாளிக்குள் எல்லாம் தேடுவார்கள். தொட்டியைக் கண்டால் மட்டும் இரண்டடி பின்னால் போய்விடுவார்கள். அதற்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போனது.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டு. எங்களைப்போல வந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஏஜென்சிக்காரரைப் பிடித்து வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். போனால் இரண்டு பேரும் போவது, இல்லாவிட்டால் இரண்டு பேரும் இங்கேயே கிடப்பது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். அந்தக் கதையை முதலில் எடுத்தவளே அக்காதான். அதை நம்பி, லண்டனிலிருந்து எனக்கு வந்த கலியாணப் பேச்சைக்கூட நான் வேண்டாமென்றேன். அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

சிலந்தி கடைசியாகத் தோல் கழற்றியபோது, அக்கா அந்தத் தோலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, பெட்டைதான், இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும் என்றாள். அதற்குப் பிறகுதான் அதற்கு ஏதோ ஆகிவிட்டது. பகலெல்லாம் மரப்பட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிற பிராணி, பட்டப்பகலில் நடக்கத் தொடங்கியது. தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போகும். கண்ணாடியில் கால்களைப் போட்டு ஏறும், வழுக்கி விழும், திரும்ப ஏறும். கரப்பானைப் போட்டால் அதன் மேலாலேயே கடந்து போகும். ரயில் அதிர்வாக்கும் என்று தொட்டியைச் சுவரோரமிருந்து தள்ளி வைத்தேன். வெக்கையாக்கும் என்று ஈரப்பஞ்சு வைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அக்காவைக் கேட்டேன். தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்தாள். "பெட்டையள் இடைக்கிடை இப்பிடித்தான் செய்யும். கொஞ்ச நாளில அடங்கியிடும்" என்றாள்.

அந்த நாட்களில் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு நேர்த்தி என்று போய் இருட்டுப்படத்தான் வருவாள். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. வெளியில் சொன்னால் பலிக்காது என்பார்கள். கேட்காதது மட்டுமில்லை, அவளுடைய நேர்த்தி நிறைவேறட்டுமென்று நானும் செவ்வாய்க்கிழமைகளில் விரதமிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப்பெண் வீடு திரும்பாவிட்டால் மனம் ஒரே இடத்துக்குத்தான் போகும். அடுத்த நாள் விடியவே பொலிசுக்குப் போனேன். பிடித்தவர்களில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கோயில் வாசலில் அவளுடைய படத்தைக் காட்டிக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடையாளம் தெரியாத பெண் ஒருத்தி பிண அறையில் இருப்பதாகச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். துணியை விலக்கினார்கள். அது அக்கா இல்லை. யாரோ பெற்ற பிள்ளை அங்கே கிடக்க, அக்கா இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வந்து வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். பல தலைமுறையாகக் கொழும்பில் வாழும் முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. எங்களை மகள் என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தேன் என்று நான் சொன்னதும் அவருடைய முகம் மாறிப்போனது.

"மகள், ஒங்கட அக்கா நல்லா ஈக்கிறா. வெளிநாட்டுக்குப் போயிட்டா. போய்ச் சேரும் மட்டும் ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு சத்தியம் வாங்கின" என்றார்.

பயணத்தைப் போய்ச் சேரும்வரை வெளியில் சொல்லாமல் வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் வீட்டுக்காரிக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக்கூடாது என்பது எந்த ஊர் வழக்கம்?

சில நாட்கள் கழித்து, சிலந்தி இன்னமும் சாப்பிடாததால், அவளுடைய ஆய்வுகூடத்துக்குப் போனேன். அங்கே கூட வேலை செய்த பெண் என்னைக் கண்டதும் சங்கடப்பட்டார். அவருக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது. நான் சிலந்தியைப் பற்றி மட்டும் கேட்டேன். அது ஆண் என்றார். கடைசித் தோல் கழற்றி முழு வளர்ச்சி அடைந்த ஆண், பெண்ணைத் தேடி இருந்த இடத்தை விட்டு வெளிக்கிடும். சாப்பாட்டில் நாட்டமிருக்காது, நடை ஒன்றுதான். பழைய பொந்துக்குத் திரும்பாது. சில மாதங்களில் செத்துவிடும் என்றார்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவதானே அந்தத் தோலைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டி விளங்கப்படுத்தினவ" என்றார்.

வீடு வரும்வரை பஸ்ஸில் அதையேதான் யோசித்தேன். பயணத்தை மறைத்ததற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். ஒரு சிலந்தி ஆணா பெண்ணா என்பதில் எதற்குப் பொய்? பிறகுதான் புரிந்தது. போக முடிவெடுத்த பிராணி இப்படித்தான் சாப்பாட்டை மறந்து நடந்து திரியும் என்று அவள் சொல்லியிருந்தால், நான் தொட்டியை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்திருப்பேன். அதற்குப் பயந்திருக்கிறாள். அந்த அளவுக்கு யோசித்து என்னை ஏமாற்றியிருக்கிறாள்.

ஒரு மாதம் போல ஆனபிறகு அன்ரி வீட்டு டெலிபோனுக்கு எடுத்தாள். லண்டனிலிருந்து. குரல் நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் நான் அழுவேனாம், அழுகையோடு வெளிக்கிட்டால் போகிற காரியம் சரிவராதாம்.

"அக்கா, நான் உன்னைத் தேடிப் பிண அறைக்குப் போனனான்" என்றேன்.



"இஞ்ச சரியான குளிரடி" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கதைத்துவிட்டோம். இன்றுவரை அவள் எனக்குக் குளிரைப் பற்றித்தான் சொல்கிறாள்.