வெள்ளைப் பீங்கான் இறக்கியவர்

கண்டக்குழியில் வெளிநாட்டவரைக் கடலடியில் முருகைக்கல் என்னும் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகிறவர் அவர். வெயிலில் கறுத்த முகத்தில், மூழ்கும் கண்ணாடி பதிந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். முதலில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆட்களை இறக்குவார்.

அன்று என் விருந்தாளிகளுக்காக இறக்கினார். காற்று எழும்பிக் கடல் கலங்கியிருந்தது. பீங்கான் உடனே மறைந்தது.

அண்ணனிடம் பேசுவதுபோல் என்னிடம் சொன்னார்: "இந்தக் கிழமை முழுக்கச் சரிவராது நானா. ஆக்கள அனுப்பிடுங்க."

அந்தப் பருவத்தில் என் வீட்டில் காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்தால், பக்கத்து விடுதி ஆட்களோடு அவருடைய படகு புறப்படுகிறது.

"காத்து விழுந்து கடல் தெளிஞ்சிட்டு நானா. நான் என்ன செய்ய?"

"அவங்க இங்க பக்கத்தில புத்தளத்திலதானே நிக்கிறாங்க. ஒரு போன் கோல் எடுத்திருந்தா கூப்பிட்டிருப்பேனே."

அவர் குனிந்து நங்கூரக் கயிற்றை இழுத்தார்.

காற்றை மாற்றுகிறவன் அல்லாஹ். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. அந்த மனிதரின் வாயைக் கட்டியது எது என்றுதான் இன்றும் விளங்கவில்லை.