மச்சினனை வைத்து மோட்டார் சைக்கிள் தூக்கினேன்

போன சனிக்கிழமை காலை, கட்டுக்கலையில் என் வீட்டு முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தரையை விட்டு எழுந்து அந்தரத்தில் நின்றது. எழுப்பியவன் நான்தான்.

வாசகர்களே, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு முதலில் தேய்வது டயர் அல்ல, முதுகு. வண்டிக்கு முன்னால் எத்தனை காலம்தான் குனிந்து கிடப்பது? வண்டி கொஞ்சம் மேலே வரக்கூடாதா?

அதற்காக நான் கண்டுபிடித்த சாதனம் எளிது. ஒரு பலாமரக் கட்டை. அதன் மேல் குறுக்கே நீளப் பலகை. பலகையின் குட்டை முனையில் வண்டி – சாயாமலிருக்கக் கொய்யாமரத்தில் கயிறு. நெட்டை முனையில் பாரம். பாரம் கீழே போனால் வண்டி மேலே வரும்.

பாரத்துக்கு அரிசி மூட்டையைத்தான் நினைத்திருந்தேன். மாசக் கடைசி... மூட்டை என்னைவிட இளைத்திருந்தது. அம்மியைக் கேட்டேன்.

"அப்போ மத்தியானத்துக்குக் கொழம்பு வேணாமா?" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி சூசை வந்து சேர்ந்தான். ஆள் நல்ல கனம். அன்று அவனுக்கு மடுல்கெல்லையில் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் வேலைக்கு இன்டர்வியூ. வேலை கிடைத்தால்தான் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க விடுவோம் என்று பெண்வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். என் வண்டியில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பின்சக்கரம் ஆடியது. சரி, இறுக்கிவிட்டுப் புறப்படலாமே?

"சூசை, ஒரு நிமிஷம் இதுல குந்து."

குந்தினான். வண்டி எழுந்தது. நான் அடியில் புகுந்து சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றுவது சுலபமாக இருந்தது. கழற்றியது எப்போதுதான் சுலபமாக மாட்டியிருக்கிறது?

"அத்தான், நேரமாகுது. எந்திரிக்கவா?"

"எந்திரிச்சா வண்டி என் மேல விழும். நான் வெளிய வந்துட்டாலும் சக்கரமில்லாம விழுந்து நொறுங்கும். அப்புறம் யாரு உன்னைக் கூட்டிட்டுப் போறது?"

அவனுக்குப் பதிலாக மனைவியை உட்கார வைத்துப் பார்த்தோம். அவன் பாதி எழுந்ததுமே வண்டி என் மூக்கைத் தேடி வந்துவிட்டது. இன்டர்வியூ நேரம் போயே போய்விட்டது. சூசை பலகையிலிருந்தபடியே மத்தியானச் சோறு சாப்பிட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டான். நானும் திருகிக்கொண்டேயிருந்தேன்... நட்டு மட்டும் பிடிப்பதாயில்லை.

அப்போதுதான் அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரே படியேறி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். டவுனுக்கு வந்தவர், வராத ஆளை நேரிலேயே திட்டிவிட்டுப் போகலாம் என்று விண்ணப்பத்திலிருந்த என் வீட்டு விலாசத்தைத் தேடி வந்திருக்கிறார்.

"ஏன் காணும், இன்டர்வியூவுக்கு வரேல்லை?"

சூசை விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப காலமை துவங்கி உதிலையே இருக்கிறீரோ?"

"ஆமாங்க."

"ஒருக்காலும் எழும்பேல்லையோ?"

"இல்லீங்க. எந்திரிக்கக் கூடாதுன்னு அத்தான் சொல்லிட்டாங்க."

அவர் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏன் எண்டு கேக்காமல், இருத்தின இடத்திலை இருக்கிற ஒரு பொடியனைத்தான் நாங்களும் தேடுறம். திங்கக்கிழமை துவங்கி வேலைக்கு வாரும்."

ஆபீஸ் உத்தியோகத்துக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

சூசையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பெரிய கிளாக்கருக்குக் கும்பிடு போடுவதற்காக, மிகுந்த மரியாதையோடு – எழுந்து நின்றான்.

நான் உருண்டு தப்பித்தேன். என் இடுப்பிலிருந்த சாரம் தப்பவில்லை, வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. பெரிய கிளாக்கர் நாகரிகமாகக் கொய்யாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். உருண்டதில் சுளுக்கிய காலோடு நொண்டிக்கொண்டே போய்ச் சந்தோஷமாகக் கேட்டேன். ஒன்று மட்டும் புரிந்தது... உத்தியோகம் கிடைத்தவன் முதலில் மறப்பது, அவனை நம்பிக் கீழே படுத்திருப்பவனைத்தான்!