குனிய வைத்த மாப்பிள்ளை

வக்கீல் ஆபீஸில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக அடுத்தவர் வாசலில் போய் நிற்பதுதான் அவன் பிழைப்பு. அவனுடைய வக்கீல் இன்சூரன்ஸ் கம்பெனிப் பக்கம். கார் மோதி அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டால், அடி நிஜமா நடிப்பா என்று துப்புத் துலக்கிக் கொண்டுவர வேண்டியவன் மாப்பிள்ளை.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரன். விபத்து நடந்த முனையில் பிரேக் போட்டு டயர் தேய்ந்த தடத்தை டேப் பிடித்து அளப்பான். எதிர்க்கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டபடியே வாயைக் கிளறுவான். நடக்கவே முடியாது என்று கேஸ் போட்ட ஒருவன், வீடு மாற்றும்போது தனியாளாய்ப் பீரோவை மாடியேற்றியதைப் படத்தோடு பிடித்தவன் இவன்தான். அந்தப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

காகிதத்தில் ஓட்டை கிடைக்காத கேஸ்களுக்கு அவனே ஒரு வழி வைத்திருந்தான். கையில் பொய்யாக மாவுக்கட்டு. தோளில் ஒரு பை. அடிபட்டவர் எதிரே வரும்போது பையைத் தவறவிட்டுப் பரிதாபமாக நிற்பான். ஓரமாய் நிறுத்திய காருக்குள்ளிருந்து கூட்டாளி படம் பிடிப்பான். நடிக்கிறவன் மறந்துபோய்ச் சட்டென்று குனிந்துவிடுவான் என்பது கணக்கு. நிஜமாகவே வலிக்கிறவர்களும் சில சமயம் குனிவார்கள். அதைப்பற்றி அந்தப் பாவிக்கு என்ன கவலை?

இஸ்திரிக்கடை அக்காவின் கேஸ் இப்படித்தான் அவன் கைக்கு வந்தது. தெருவைத் தாண்டும்போது கார் இடித்து முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு காலும் மரத்துப்போய்ப் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் எழுதியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். காகிதங்களில் ஒரு குறையும் இல்லை, வக்கீலுக்கு அதுதான் எரிச்சல். அவளால் குனியவே முடியாதாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்று மாப்பிள்ளையை அனுப்பினார்.

கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அவள் காலையில் கைத்தடியோடு தெருவில் வருவாள். மாப்பிள்ளை எதிரே போய்ப் பையை விட்டான். வெங்காயம் உருண்டோடியது. அவள் அவன் கை மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"இருங்க தம்பி, ஒத்தைக் கையால என்ன பண்ணுவீங்க" என்று சுவரைப் பிடித்தபடி குனிந்தாள்.

குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அலறிவிட்டாள். மாப்பிள்ளையே அவளைத் தூக்கி நிறுத்தி, வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டான். எலும்பு கூடுகிற வரைக்கும் பாரம் தூக்க வேண்டாம் என்று அந்த வலியிலும் அவனுக்குப் புத்தி சொல்லி அனுப்பினாள்.

கோர்ட்டுக்குப் போன படத்தில் அவள் குனிவது மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆனால் ஆபீஸில் டீ நேரத்தில் மாப்பிள்ளை முழுவதையும் நடித்துக் காட்டினான், அந்த அலறல் உட்பட. வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

விசாரணையில் படம் ஓடியது. கூட்டாளி கூண்டேறி, நான்தான் எடுத்தேன் என்றான். கட்டுப் போட்ட ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார் என்று அவள் சொன்னாள். அந்த ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார் நீதிபதி. பேர் ஊர் தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

மாப்பிள்ளை கோர்ட் பக்கமே வருகிறவனில்லை. அன்றைக்கு வக்கீல் ஒரு ஃபைலை மறந்துவிட்டதால் கொண்டுவந்தான். இடைவேளையில் வராந்தாவில் அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தடியை ஊன்றி ஊன்றிக் கிட்டே வந்தாள்.

"கை சரியாயிடுச்சா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டாள். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. பிறகுதான் தன் விஷயத்துக்கு வந்தாள். "அன்னைக்கு நீங்கதானே என்னைத் தூக்கி விட்டீங்க. உள்ள வந்து அதை மட்டும் சொல்லுங்கப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்."

மாப்பிள்ளை கண் இமைக்கவில்லை.

"ஆள் மாறிப் பேசறீங்கம்மா. நான் உங்களைப் பாத்ததே இல்ல."

அவளுடைய வக்கீல் அவனை மறித்து யார் என்ன என்று விசாரிக்கப் போனார். அவள்தான் தடுத்தாள்.

"விடுங்க சார். கோர்ட்டுன்னா யாருக்குத்தான் பயமில்ல. பாவம், புள்ளகுட்டிக்காரரா இருப்பார்."

அன்று மாலையே கேஸ் தள்ளுபடி ஆயிற்று. ஆபரேஷன் நடக்கவில்லை, கால்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது அவள் மகள், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிட்டுத்தான் கடை திறக்கிறாள்.