பழைய ஸ்னோஸ்கூட்டர் பார்க்கப் போன சனிக்கிழமைகள்

பழைய ஸ்னோஸ்கூட்டர் பார்த்து வாங்குகிற தொழிலில், விற்கிறவர் நீட்டும் காப்பிக் கோப்பையில் கை வைப்பதற்கு முன் எஞ்சினில் கை வைத்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ மல்லுக்கட்டி அதை எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிரில் எழும்பாத எஞ்சினை வாங்கி, பனிக்குள் நின்று கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டைக் கெடுத்துக்கொண்ட சக நோயாளிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு இருக்கை. அதுதான் ஸ்னோஸ்கூட்டர். ஒஸ்லோவில், ஸ்டோவ்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கராஜில் அவற்றைக் கழற்றிப் பூட்டுவது என் பிழைப்பு.

அண்ணையின் நிபந்தனை

எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் கனகலிங்கம் அண்ணைக்கு மலைப்பக்கம் ஒரு மரவீடு உண்டு. பனிக்காலத்தில் கார்ப் பாதை முடிகிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். அவருடைய மனைவி வதனி அக்காவுக்கு நரம்பு வருத்தம் வந்து கால்கள் பலமிழந்துவிட்டன. இரண்டு ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பார், அவ்வளவுதான். மூன்று பனிக்காலமாக அந்த வீட்டை அவர் காணவில்லை. இந்த நாட்டில் நினைத்தவர் நினைத்தபடி காட்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. அக்காவின் காலைக் காரணம் காட்டிக் கேட்டதால் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி சபை, அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டது.

ஈஸ்டர் விடுமுறைக்குள் வண்டி ஓட வேண்டும், அதற்குப் பிறகு பனி உருகிவிடும். புதிதாகவே வாங்கலாமே என்று அண்ணையிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். பழையது ஒன்றை என்னோடு சேர்ந்து தானே கழற்றிப் பூட்ட வேண்டுமாம். என்ன பிடிவாதம் இது என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் அன்றைக்கே பழைய வண்டி விளம்பரங்களைத் தேடத் தொடங்கினேன்: "நடுவழியிலை நிண்டால் நான் நடந்து வந்திடுவன், அவளாலை ஏலாது. நான் பூட்டின எஞ்சின் எண்டால் எங்கை நிண்டாலும் எழுப்புவன்."

ஏரி பார்த்த வண்டி

சனிக்கிழமைதோறும் புறப்பட்டோம். அக்காதான் எங்களை வாசல்வரை வந்து விரட்டிவிடுவார். தனக்கும் அன்றைக்குப் பயிற்சி இருக்கிறது, பிந்தினாலும் பரவாயில்லை என்பார். காலுக்குப் பயிற்சி செய்யப் போகிறார் என்று அண்ணைக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் பார்த்தது நகரத்துக்கு வடக்கே ஒரு நோர்வே விவசாயியின் களஞ்சியத்தில். வண்டி பளபளவென்று இருந்தது. எஞ்சினும் குளிர்ந்திருந்தது. அண்ணை ஏற்கெனவே இருக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் குனிந்து முன்விளக்கைப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே, சரிபாதி உயரத்தில் சேற்றுக்கோடு. விளக்குக்குள் சேறு போன வண்டியில் வயர், பேரிங், எஞ்சின் எதையும் நம்ப முடியாது. இது தண்ணீரில் கிடந்ததா என்று கேட்டேன். அந்த மனிதர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. நாள் கேட்டவனுக்கு நாள் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒரேயொரு தடவைதான் ஏரிக்குள் போனது. பனிக்கட்டி உருகியதும் எடுத்துவிட்டோம்."

ஆறுதல் சொல்லப் போனது

அடுத்தது ஸ்ட்ரோம்மனில். விற்கிறவர் கோயம்புத்தூர்க்காரர், பெயர் கார்த்திக், கணினி வேலை. வீடியோ பார்த்துத் தானே திருத்தலாம் என்று வாங்கி, பிறகு நேரமில்லாமல் விற்கிறாராம். விளம்பரத்தில் 'நன்றாக ஓடும்' என்று போட்டிருந்தார். நான் தொலைபேசியில் என் வழக்கமான பாடத்தைச் சொன்னேன்: எஞ்சினைச் சூடாக்காதேங்கோ, அது குளிரிலையே கிடக்கட்டும், நான் பத்து மணிபோலை ஆறுதலா வாறன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ஆறுதலாக வருவது என்றால் அவசரப்படாமல் வருவது. போய் இறங்கினால், கார்த்திக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஏதும் துக்கமோ என்று நான் திடுக்கிட்டுப் போனேன். அண்ணை அவசரமாகத் தொப்பியைக் கழற்றிவிட்டார். கராஜுக்குள் போய்க் கயிற்றை இழுத்தேன். ஒரு அங்குலம் அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. நான் ஒன்றும் கேட்காமலே அவர் உண்மையைக் கக்கினார்: "நேத்து சாயங்காலம்தான் ஜாம் ஆச்சு சார். நீங்க போன்ல ஆறுதலா வர்றேன்னு சொன்னதும் ஆடிப் போயிட்டேன், உங்களுக்கு யார் சார் சொன்னது?"

எட்டு

மூன்றாவது வண்டி எங்கள் ஆளுடையது, ஸ்டோவ்னரிலேயே. பாலன் என்று பெயர். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் வாங்கி, ஒஸ்லோவுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்தவர். எஞ்சினில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. இரண்டாவது இழுப்பில் எழும்பியது. அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். இனி இலக்கம் பார்ப்பதுதான் மிச்சம். வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கமும் வாகனப் பத்திரத்தில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் தடிப்பாக அப்பியிருந்தது. வாங்கிய அன்று வைத்த பொட்டு, வருடாவருடம் அதன் மேலேயே அடுத்ததும் வைத்திருக்கிறார். துடைக்க வேண்டும் என்றேன். பாலனுக்குச் சங்கடம். பிறகு தானே ஈரத்துணி கொண்டுவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்தார். கீழே இருந்தது வேறு இலக்கம். ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. யாரோ ஒரு வண்டியின் பத்திரத்தை இன்னொரு வண்டிக்குக் கொடுத்து இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இது களவு வண்டியாகக்கூட இருக்கலாம், உரிய இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாலன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். பத்திரத்து எண்களைக் கூட்டிப் பார்த்து, ஐந்து வருகிறது என்று வாங்கிய மனிதர் அவர். முகம் வெளுத்துப்போய் என்னைக் கேட்டார்: "அப்ப இவ்வளவு காலமும் நான் எட்டிலையோ ஓடித் திரிஞ்சனான்?"

பதினொரு குறை

ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, மரவீடு இருக்கிற அதே ஊரில் ஒரு வண்டி அகப்பட்டது. சறுக்குப் பாதை சீர்செய்யும் வேலைக்கு ஓடிய கனமான வண்டி. அகலப் பட்டி, ரிவர்ஸ், பொத்தானை அமத்தினால் எழும்பும் ஸ்டார்ட்டர், அதற்கு மேலே கயிறும் உண்டு. விற்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு நோர்வேக்காரர். காப்பி கொடுக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பதினொரு குறை வரிசையாக எழுதியிருந்தது. தேய்ந்த கிளட்ச் பெல்ட், கசிகிற ஷாக் அப்சார்பர், வெடித்த இருக்கை எல்லாம் இருந்தன. என்னுடைய பட்டியலில் ஒன்பதுதான் இருந்தது.

மற்ற மூன்று இடத்திலும் அடையாத அதிர்ச்சியை இங்கேதான் அடைந்தேன். இத்தனை வருடத்தில் என்னைவிட அதிகமாகக் குறை கண்டுபிடித்து விற்ற ஒருவரை நான் சந்தித்ததில்லை. ஏன் இதையெல்லாம் சொல்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் வண்டி அங்கே நின்றால் இழுத்துவர என்னைத்தான் கூப்பிடுவார்கள்."

பயிற்சி

நான்கு வாரமும் வேலை முடிந்து நேரே கராஜுக்கு வந்தார் அண்ணை. பிஸ்டன் வளையத்திலிருந்து பட்டிச் சில்லுவரை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பூட்டினார். அதைவிட அதிகம் மினக்கெட்டது பின்னிருக்கையில். அக்காவின் முதுகுக்குச் சாய்வு, கைக்குப் பிடி, காலுக்குப் பஞ்சு வைத்த பலகை, இடுப்புக்குப் பட்டி என்று இளவரசிக்குப் பல்லக்குச் செய்வதுபோலச் செய்தார்.

முடிந்த அன்று அக்காவை அழைத்து வந்தோம். அவர் பின்னிருக்கையைப் பார்க்கவேயில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று பிரேக் எங்கே என்று கேட்டார். இடது கையில் என்றேன். அக்சிலேட்டர்? வலது பெருவிரலில். காலுக்கு ஒரு வேலையும் இல்லையோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா அண்ணையைத் திரும்பிப் பார்த்து, ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். கார் லைசென்ஸ் போதும்தானே என்றார் அண்ணை. போதாது. இத்தனை நாளும் அதைக் கேட்கத் தோன்றாத மடையன் நான். ஈஸ்டருக்கு ஏழு நாள்தான் இருந்தது. அண்ணை இடிந்துபோய் அந்தப் பின்னிருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா கைப்பையைத் திறந்து தன் லைசென்ஸை எடுத்து நீட்டினார்: "சனிக்கிழமையிலை பயிற்சிக்குப் போறன் எண்டு சொன்னனான்தானே."

பாதை முடிகிற இடத்தில்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் நானும் போனேன். வண்டி நடுவழியில் நின்றால் என் பேர் கெட்டுவிடும் என்ற பயம். வண்டி இரவு முழுவதும் குளிரில் கிடந்தது. அக்கா பொத்தானை ஒருமுறைதான் அமத்தினார், எழும்பிவிட்டது. அண்ணைக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன். தான் சறுக்கிக்கொண்டே பக்கத்தில் வருவதாகச் சொல்லி அண்ணை தயங்கி நின்றார். அக்கா கண்ணாடியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெருவிரலை அக்சிலேட்டரில் வைத்தபடி சொன்னார்: "பின்சீட்டு வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஏறி ஆறுதலா இருங்கோ, நான் ஓட்டுறன்."

எஞ்சின், பட்டி, இலக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்து வண்டி பொறுக்கத் தெரிந்த எனக்கு, இதை ஓட்டப்போவது யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் இந்த வருடம்தான் தெரியவந்தது.