சிவப்பு பாஸ்பரஸும் செல்வத்தின் அம்மாவும்

தீப்பெட்டியின் பக்கவாட்டில் நீங்கள் உரசுகிற பழுப்புப் பட்டையில்தான் என் பிழைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவகாசியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஏற்றுமதி வேலை பார்க்கிறேன். அந்தப் பட்டையில் பூசுகிற சிவப்பு பாஸ்பரஸை வாங்கி, சில நாடுகளில் திருட்டுத்தனமாகப் போதை மாத்திரை செய்கிறார்களாம். அதனால் வெளிநாட்டு ஆர்டர் வந்தால் நம் அதிகாரிகள் அந்த நாட்டு அதிகாரிகளைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் லோடு கிளம்பும். யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் கதை சட்டென்று பிடிபடும்.

சலூனுக்குள் தீப்பெட்டிக் கம்பெனி

ஒருமுறை கடல் கடந்து பெரிய ஆர்டர் வந்தது. தீப்பெட்டி செய்யத்தான் என்றார் வாங்குகிறவர். உங்கள் தீப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று மெயில் போட்டேன். வந்த படத்தில் இருந்தது எங்கள் ஊர்த் தீப்பெட்டியேதான், பக்கத்துத் தெரு அச்சகத்தில் அடித்த மயில் லேபிளோடு!

அதிகாரிகளிடம் சொன்னோம். அந்த நாட்டில் ஆள் போய்ப் பார்த்தால், அந்த விலாசத்தில் இருந்தது ஒரு முடிவெட்டுகிற கடை. இம்புட்டுப் பெரிய ஆர்டர் போச்சே என்று முதலாளி அண்ணாச்சி எரிந்து விழுவார் என்று பயந்தேன். அவர் பெருமூச்சு விட்டார். "போனா போகுதும்மா. எவ பெத்த புள்ள வயித்துக்குள்ள போயிருக்குமோ."

மாரியக்காவின் விருந்தாளி

நாங்கள் விற்கும் சரக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க, நம் அதிகாரியோடு ஒரு வெளிநாட்டுப் பெண் அதிகாரியும் வந்தார். சாத்தூர் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலைக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்பும் நானேதான். பெட்டியின் பக்கவாட்டில் அந்தச் சிவப்பு மருந்தைத் தடவும் இடத்தில், அங்கே வேலை பார்க்கும் மாரியக்கா நின்றாள். இந்த மருந்து வேறு ஊர்களில் என்ன ஆகிறது என்று இவர்களுக்குத் தெரியுமா எனக் கேட்டார் அந்தம்மா.

"மாத்திரையாகுது, தெரியும் தாயி" என்றாள் மாரியக்கா. "வெளிநாட்டு வேலைக்குப் போன எம்மவன் செல்வத்துகிட்ட ஏஜென்டு ஒரு பையக் குடுத்துவிட்டான். உள்ள மாத்திரை இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அங்கன எறங்குனதுமே புடிச்சிட்டாக." ஊர்ப் பேரைச் சொன்னாள். அந்தம்மாவின் நாடு அதுதான்.

நான் அதைச் சொன்னதும் மாரியக்கா அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எம்மவன் மூச்சு விடுற ஊர்லேருந்து வந்திருக்காக. இன்னுஞ்செத்த நேரம் இருந்துட்டுப் போகச் சொல்லு."

கையைக் காட்டு

அந்தம்மா செல்வத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். மாசங்கள் ஓடின. ஒரு மத்தியானம் நம் அதிகாரி போன் செய்தார். ஏஜென்டைப் பற்றி இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து செல்வத்தை விசாரிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் அவன் அம்மாவோடு பேச அனுமதி கிடைத்திருக்கிறது என்றார்.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் மாரியக்காவை உட்கார வைத்தேன். திரையில் செல்வத்தின் மெலிந்துபோன முகம் தெரிந்தது. இருவரும் முதலில் அழுதார்கள். பிறகு அவன், "அம்மா, கைய ஏன் கீள வச்சிருக்க? காட்டு" என்றான். தயங்கித் தயங்கித் தூக்கினாள். நகக்கண்ணெல்லாம் மருந்துச் சிவப்பு. "இன்னும் அந்த வேலைக்குத்தான் போறியா?" என்று கேட்டான்.

"நீ வந்து நிப்பாட்டுலே."

எந்த ஊர் ஜெயில்?

செல்வம் சொன்ன அடையாளத்தை வைத்து ஏஜென்டை இங்கே பிடித்துவிட்டார்கள். அங்கே கோர்ட்டில் செல்வத்தின் தண்டனையைக் குறைத்தார்கள், ஆனால் விடவில்லை. மிச்சத்தைச் சொந்த நாட்டு ஜெயிலில் கழிக்க அனுப்புவதைப் பற்றி இரண்டு அரசாங்கமும் பேசிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பாதி நல்ல செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாரியக்கா முன்னால் நின்றேன். முழுசும் கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. "மதுரையில போடுவாகளா தாயி? மதுரைன்னா பஸ் ஏறிப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவேன்ல!"

பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும் என்று எல்லாரும் சாமி கும்பிடுகிற ஊரில், ஒரு பிள்ளைக்கு மதுரை ஜெயிலில் இடம் கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன் நான்.