சைக்கிள் கொட்டகையில் சாம்பிராணி

ஜேர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு நான் ஹவுஸ்மைஸ்டர். கதவு திறப்பது, ஹீட்டர் பார்ப்பது, கதிரை அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குத்தான். அது கத்தினால் தீயணைப்பு வண்டி வந்துதான் ஓயும்.

அன்று குவாத்தமாலாவிலிருந்து கத்தரினா என்ற அம்மா பேச வந்திருந்தார். அந்த நாட்டு மலைகளில் வாழும் மாயாப் பூர்வகுடி. அவருடைய கணவரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. கைக்குழந்தையோடு முகாம் முகாமாகப் போய்க் கேட்டார். மிரட்டினார்கள். அடுத்த முறை மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். பல வருடம் கழித்துப் புதைகுழி தோண்டியபோது, தான் நெய்து கொடுத்த இடுப்புக் கச்சையை வைத்துத்தான் கணவரை அடையாளம் கண்டார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அதைக் கிடப்பில் போட விடாமல் இருக்க ஆதரவு தேடித்தான் இங்கே வந்திருந்தார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. அம்மாவோ மேடை ஏற மறுத்துவிட்டார். நெருப்பு மூட்டி, பிசின் புகை போட்டு, செத்தவர்களையும் காணாமல் போனவர்களையும் முதலில் கூப்பிடாமல் அவர்கள் கதையைப் பேசுவது மாயா மக்களிடம் வழக்கமில்லை. எங்கள் பொறுப்பாளர் ஃபிராவ் கெல்லர் நல்ல மனதோடு பற்றரி மெழுகுதிரிகளை வரிசையாக வைத்திருந்தார். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்து, சுவிட்சை நிறுத்தி, பக்குவமாகத் திருப்பி வைத்தார்.

"இதுக்கு அந்த ஆக்கள் வரமாட்டினமாம்," என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர்.

ஃபிராவ் கெல்லர் என்னிடம் வந்தார். "உள்ளுக்கை நெருப்பு ஏலாது. என்ன செய்வம்?"

"வெளியிலை சைக்கிள் கொட்டகை இருக்கு. அங்கை அலாரம் இல்லை."

"இந்தக் குளிருக்கை சனம் வருமோ?"

"கூப்பிட்டுப் பாப்பம்."

அம்மா கொண்டுவந்த பிசினை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மனைவி றீற்றாவுக்குப் போன் எடுத்தேன். "சாம்பிராணியும் கரியும் தட்டும் கொண்டு ஓடி வா."

"உங்களுக்கென்னப்பா விசரே? வேலையிடத்திலை என்ன சாம்பிராணி?"

"ஒரு அம்மா காணாமப்போன தன்ர மனுசனைக் கூப்பிடப் போறா."

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு றீற்றா வந்துவிட்டாள்.

அம்மா சாம்பிராணியை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். சனம் குளிர்க் கோட்டுகளைக் கொளுவிக்கொண்டு வந்து சைக்கிள்களுக்கு நடுவே நின்றது. புகை எழும்ப, அவர் தன் மொழியில் பெயர்களைச் சொன்னார். கணவர் பெயர் வந்தபோது அவர் குரல் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கரியை ஊதினேன். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"இப்பிடிக் கூப்பிட உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறா."

இலங்கையில், மன்னாரில் என் அண்ணனையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்களுக்குக் கோயிலில் கொடுக்கும் பூசையை அவனுக்காக நாங்கள் ஒப்புக்கொடுத்ததில்லை. கொடுத்தால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"அண்ணை இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியாது," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொன்னார். "இருக்கினமோ இல்லையோ எண்டு தெரியாத ஆக்களையும் கூப்பிடலாமாம். வந்து நெருப்புக் காயட்டுமாம். பேர் என்ன?"

"அருளப்பன்."

அம்மா தன் கணவர் பெயரைச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் சொன்னார். றீற்றா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு உள்ளே போய் அம்மா பேசினார். வழக்குக்குத் துணை நிற்கிறோம் என்று பலர் முன்வந்தார்கள். அந்த அம்மாவை நினைக்காமல் நான் சாம்பிராணி போடுவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஏலாது என்று சொல்வதற்கு முதல் கட்டடத்தை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். நான் அந்த அம்மாவுக்குத்தான் இடம் தேடினேன். அண்ணனுக்கும் கிடைத்தது.